தூக்குவதற்கென்று ஓர் இடம்

இலக்கியம் பேசும் பக்கத்தில் ஜீப்பைப் பற்றியும் இரும்புத் தகட்டைப் பற்றியும் எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவதாகச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தோம். ஆனால் நாங்கள் கூடும்போதெல்லாம் பேச்சு அந்த நான்கு இரும்புத் துண்டுகளிடமே போய் நிற்கிறது. எனவே அதையே எழுதிவிடுவது என்று முடிவுசெய்தோம். கவிதை காத்திருக்கும், வாசகர்களும் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவரும் எங்கள் மாமன் மகனும். ஊர் பனித்திட்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், கிருமாம்பாக்கம் பக்கமாகக் கிழக்கே திரும்பினால் வரும் கடலோர மீனவர் ஊர். பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. கொம்யூன் என்பது பிரஞ்சுச் சொல் என்பதையே பள்ளிக்கூடம் போன பிறகுதான் அறிந்தோம். அதுவரை தமிழ் என்றே நினைத்திருந்தோம்.

ஜீப் பெரியப்பாவுடையது. தொண்ணூறுகளில் யாரிடமிருந்தோ இரண்டாம் கையாக வாங்கிய மகிந்திரா வண்டி. தார்ப்பாய்க் கூரை. பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பில் அமைந்த டீசல் எஞ்சின். "1954ல வெள்ளக்காரன் போனான், எஞ்சின மட்டும் திருப்பி அனுப்பிட்டான்" என்று பெரியப்பா வேடிக்கையாகச் சொல்வார். கரைக்கு ஐஸ் கட்டியும் வலையும் டீசல் கேனும் கொண்டுபோகவும், மீன் கூடைகளைச் சாலைக்குக் கொண்டுவரவும் அதுதான் வண்டி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தபோது படகு போயிற்று, வலை போயிற்று, கடலோரமாக இருந்த பழைய வீடும் போயிற்று. ஜீப் மட்டும் எஞ்சின் பிரித்த நிலையில் மேற்கே சாலையோரப் பட்டறையில் நின்றிருந்தது. அன்றிலிருந்து அதை விற்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

*

2023 ஆடி மாதத்தில் ஒரு மாலை. படகின் வெளிப்புற மோட்டாரையும் எண்ணெய்க் கேன்களையும் ஏற்றிக்கொண்டு கரைமேட்டில் ஏறும்போது, பின்பக்க இடது சக்கரம் பஞ்சராகி மணலில் அமர்ந்துவிட்டது.

ஜீப்போடு வரும் சிறு ஜாக்கி தார்ச்சாலைக்கு உரியது. பாட்டிலைப் போன்ற அந்த எண்ணெய் ஜாக்கியை அச்சின் அடியில் வைத்துத் தூக்குவதுதான் முறை. அச்சைத் தூக்கினால் சக்கரமும் உடனே எழும். நான்கு அங்குலம் போதும். ஆனால் மணலில் சக்கரம் புதையும்போது அச்சும் கூடவே இறங்கிவிடுகிறது. அடியில் ஜாக்கி நுழைய இடமிருக்காது. தோண்டினாலோ, தோண்டிய அளவுக்கு மணல் சரிந்து வந்து நிரம்பும்.

அதற்காகவே ஒரு பண்ணை ஜாக்கி வாங்கி வைத்திருந்தோம். நான்கடி உயர இரும்புக் கம்பம். அதில் வரிசையாகத் துளைகள். கைப்பிடியை அழுத்த அழுத்த ஒவ்வொரு துளையாக ஏறும் பொறி. அந்தப் பொறியிலிருந்து நீளும் ஒரு நாக்கு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்ட் என்ற சிற்றூரில், நூறாண்டுக்கு முன் உழவர்களுக்காக உருவான கருவி இது. வேலிக் கம்பம் பிடுங்கவும் சேற்றில் அமிழ்ந்த வண்டியை எடுக்கவும் பயன்பட்டது. அச்சுக்கு அடியில் போகத் தேவையில்லை, வண்டியின் உயரமான பகுதியையே பிடித்துத் தூக்கலாம் என்பது அதன் சிறப்பு. எதைப் பிடிப்பது என்பதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை. பின்பக்க பம்பர் கைக்கு எட்டியது. அதன் விளிம்பில் நாக்கை மாட்டினோம்.

அந்த பம்பர் அழகுக்காக நாங்களே வாங்கிப் பூட்டியது. மெல்லிய தகட்டை வளைத்து மினுக்கு ஏற்றியது. பத்துப் பதினைந்து அழுத்தில் சக்கரம் மணலை விட்டு எழுந்தது. தம்பி நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை அசைத்து எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணில் மணல் விழுந்தது என்று கையை எடுத்துத் துடைத்த அந்த நொடியில், வண்டி ஒரு விரற்கடை பின்னால் உருண்டது. பம்பர் மடங்கியது. நாக்கு வழுக்கியது. ஜீப் தன் முழுப் பாரத்தோடும் மணலில் இறங்கிய ஓசையை எழுத்தில் கொண்டுவர எங்களால் ஆகாது. கைப்பிடி துள்ளி அண்ணனின் காதோரமாகப் போயிற்று. தம்பியின் விரல்கள் இருந்த இடத்தில் இப்போது சக்கரத்தின் விளிம்பு இருந்தது.

சற்றுத் தள்ளிப் படகின் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து வந்தார். தம்பியின் இரண்டு கைகளையும் வாங்கி, விரல்களைப் பார்த்தார். பிறகுதான் ஏசினார். "எங்க புடிச்சு தூக்கணும்னு தெரியாதவனுங்க எதுக்குடா தூக்குறீங்க?"

*

அதே ஆண்டு ஐப்பசியில் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் சோர்ந்துபோயின; பேச்சு குழறிற்று. பத்து நாளில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என நாங்கள் மூவரும் அவரைத் தூக்கினோம். பாசத்தோடும் பதற்றத்தோடும் தூக்கினோம். அக்குளில் கை கொடுத்து, சோர்ந்த கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் அவர் முகம் கோணியது. நோயின் வலி என்று நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் முதல் நாளே எங்களைத் தடுத்துவிட்டார். இளம் பெண். சோர்ந்த பக்கத்துத் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்கு வலுவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு தன் கிண்ணத்திலிருந்து நழுவும். வலி அங்கிருந்துதான் வருகிறது என்றார். அகலமான துணிப்பட்டை ஒன்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பிடிக்க வேண்டியது இதை. அவர் பாதம் தரையில் முழுவதும் ஊன்றியிருக்க வேண்டும். தூக்குகிறவர் தம் முழங்காலை அவருடைய சோர்ந்த முழங்காலுக்கு முட்டாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் மூவராலும் முடியாததை அந்தப் பெண் தனி ஆளாகச் செய்தார். பெரியப்பா முகம் கோணாமல் எழுந்து நின்றார்.

அன்றிரவு மூவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. கண்ணெதிரே, பம்பர் மடங்கிய ஜீப் நின்றுகொண்டிருந்தது.

*

2024 தை மாதத்தில் வண்டியைக் கன்னியக்கோயில் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறை அண்ணன் முதலில் எதையும் வெட்டவில்லை. சாக்பீசை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். "எடை எந்த வழியா கீழ எறங்குதுன்னு பாருங்க தம்பி. அந்த வழியில நின்னாத்தான் தாங்கும். வழிய விட்டு வெளிய புடிச்சா, கையோட வரும்."

அந்த வழியை அவர் கோடு போட்டுக் காட்டினார். உடலின் எடை சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டத்தில் இறங்குகிறது, சட்டத்திலிருந்து ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளுக்கு, பட்டையிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து சக்கரத்துக்கு. பம்பர் இந்த வழியில் எங்குமே இல்லை. இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் எங்கே வந்து சேர்கிறதோ, அதற்கு அருகில், ஸ்பிரிங் கொக்கிக்குப் பக்கத்தில், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு இடங்களைக் குறித்தார். இன்றைய கார்களிலும் கதவுக்குக் கீழே, அடிவிளிம்பில், ஜாக்கி வைப்பதற்கென்று நான்கு இடங்களில் சிறு குறிகள் இருக்கும். செய்தவர்களே இடத்தைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

சேஸிஸின் மேல் நேரடியாக வெல்டிங் வைக்க அவர் ஒப்பவில்லை. சூடு பட்ட இடத்தின் ஓரத்தில் இரும்பு நொய்ந்து, நாளடைவில் அங்கே விரிசல் விடும் என்றார். துளையிட்டு போல்ட் பூட்டுவதே நல்லது. அந்தத் துளையும் சட்டத்தின் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ விழக் கூடாது, நடுச்சுவரில்தான் விழ வேண்டும். ஒரு மரச்சட்டத்தை வளைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்புறம் நசுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது, நடுவில் இரண்டும் மிகக் குறைவு. பாடுபடுகிற விளிம்பில் ஓட்டை போடுவது பாவம் என்பது அவர் சொன்ன சொல்.

பத்து மில்லிமீட்டர்த் தகட்டில் நான்கு தாங்கிகளை மேசைமேல் வைத்தே வெட்டி, இணைத்து, முக்கோண முட்டுக் கொடுத்து முடித்தார். ஒவ்வொன்றிலும் ஜாக்கியின் நாக்கு அளவாகப் புகும் செவ்வகப் பள்ளம். நாக்கு பக்கவாட்டில் நகராதபடி இருபுறமும் உதடு. வெளியே வழுக்காதபடி குறுக்கே ஓர் ஊசி. சட்டத்தின் உட்புறம் ஒரு பின்தகடு. ஒரு தாங்கிக்கு நான்கு போல்ட்டுகள், 12 மில்லிமீட்டர், 8.8 தரம். அத்தகைய ஒரே போல்ட்டே எங்கள் ஜீப்பின் ஒரு மூலையைப் போலப் பல மடங்கு தாங்கும். பிறகு நான்கு எதற்கு என்று மாமன் மகன் கேட்டான். போல்ட்டுக்காக இல்லை, பாரமெல்லாம் ஒரே துளையில் குவிந்து சட்டம் கிழியாமல் இருப்பதற்காக என்று பதில் வந்தது.

தண்ணீர் தேங்காதிருக்கத் தாங்கியின் அடியில் ஒரு சிறு துளை. உப்புக்காற்றுக்குத் துத்தநாக பிரைமர் இரண்டு பூச்சு, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட். எதுவும் வண்டியின் உருவத்துக்கு வெளியே துருத்தவில்லை. வண்டிகளின் முன்னால் துருத்தும் இரும்புத் தடுப்புகளின் மேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது எதிரில் நடப்பவருக்கு அவை எமன். எங்கள் பழைய பம்பரைக் கழற்றி அங்கேயே எடைக்குப் போட்டுவிட்டோம்.

*

தூக்குமிடம் அமைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தோம். இன்னும் மூன்று பாடங்கள் இருந்தன.

முதலாவது, காலடி. பண்ணை ஜாக்கியின் அடித்தட்டு ஏறத்தாழ ஏழங்குல நீளமும் நான்கங்குல அகலமும் கொண்டது. இருபத்தெட்டுச் சதுர அங்குலம். சுமையேற்றிய ஜீப்பின் ஒரு மூலைக்கு நானூறு கிலோ என்று வைத்தால், ஒரு சதுர அங்குலத்துக்குப் பதினான்கு கிலோ. மணல் எப்படித் தாங்கும்? வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கிதான் இறங்கும். ஒன்றரை அடிச் சதுரப் பலகை ஒன்றை அடியில் போட்டால் அதே பாரம் சதுர அங்குலத்துக்கு ஒன்றேகால் கிலோவாகக் குறைந்துவிடுகிறது. அது ஏறக்குறைய ஒரு மனிதர் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் அழுத்தம். மனிதர் நிற்கக்கூடிய எந்த இடத்திலும் அதன்பின் ஜீப்பைத் தூக்கலாம். அந்தப் பலகையை நாங்கள் விலைக்கு வாங்கவில்லை. 2004இல் கடல் விட்டுவிட்டுப் போன பழைய வீட்டுக் கதவு, எதற்கென்று தெரியாமலே பத்தொன்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்து இரட்டையாக அறைந்துகொண்டோம்.

இரண்டாவது, பட்டைகளின் தொங்கல். சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் முதலில் உடல்தான் எழும். ஸ்பிரிங் பட்டைகள் விரிந்து, சக்கரம் தரையிலேயே தங்கிவிடும். சக்கரம் எழுவதற்குள் வண்டி அபாயமான உயரத்துக்குப் போய்விடும். எனவே தூக்குமுன் அச்சைச் சட்டத்தோடு வலுவான நாடாவால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். அப்போது உடலும் காலும் சேர்ந்து எழும்.

மூன்றாவது, முட்டு. அன்று கரையில் வண்டி ஏன் உருண்டது என்பது பட்டறையில்தான் விளங்கிற்று. எங்கள் ஜீப்பின் கை பிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் இருக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்ததும், அது ஒரு திசையில் சுழன்று இடங்கொடுக்க, தரையிலிருக்கும் மற்றது எதிர்த்திசையில் உருள்கிறது. நடுவிலுள்ள பல்சக்கரங்களின் அமைப்பு அப்படி. கை பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுவது ஒன்றே வழி.

பட்டறை அண்ணன் வில்லியனூர்க்காரர். அங்கே திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம் பிடிப்பது வழக்கம். விடுதலைக்குப் பின் துணைநிலை ஆளுநர்கள் அதைத் தொடர்ந்தார்கள். "வடம் புடிக்கிறவங்கள எல்லாரும் பாப்பாங்க. சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டையோட குனிஞ்சுகினு ஓடுறவன யாரு பாக்குறா? அவன் இல்லன்னா தேரு நிக்காது" என்றார். பெரியப்பாவின் முழங்காலுக்கு எதிரில் முட்டாக நின்ற இன்னொரு முழங்கால் எங்கள் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கிப் பார்த்தோம். போல்ட் தலைகளில் சாக்பீஸ் கோடு இழுத்து, மூன்று வாரம் ஓட்டிய பின் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றில் மட்டும் மயிரிழை நகர்ந்திருந்தது; இறுக்கினோம். தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் உடம்பை நுழைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு சட்டமும் செய்துகொண்டோம்.

*

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தபின்னும் நகராமல் அதே இடத்தில் நின்று கொட்டிற்று. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அந்த இரவில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி மூச்சுத் திணறத் தொடங்கியது. விடியற்காலையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தொலைபேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை.

இடுப்புப் பட்டையைப் பிடித்து அவரைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்தோம். ஊரைத் தாண்டிச் சாலைக்குப் போகும் வழியில் ஒரு சிறு மதகு. அதன் ஓரத்தை வெள்ளம் அரித்திருந்தது மேலே இருந்து தெரியவில்லை. முன்பக்க இடது சக்கரம் அரிப்பில் இறங்கி, சட்டம் மதகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. அச்சு தண்ணீருக்குள்.

பெரியப்பாவை இறக்கவில்லை. இறக்கி வைக்க இடமில்லை. அவருக்கு முட்டாக ஒருவன் ஜீப்புக்குள்ளேயே இருந்தான். மற்ற இருவரும் தண்ணீரில் இறங்கினோம். தரையிலிருந்த மூன்று சக்கரங்களுக்கும் கட்டை. நாடாவால் அச்சைக் கட்டினோம். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தேட வேண்டும். கதவுப் பலகையை மிதித்துச் சேற்றில் பதித்தோம். ஜாக்கியின் நாக்கு தாங்கியின் பள்ளத்துக்குள் போய் அமர்ந்ததைக் கையால் தடவி உறுதிசெய்து, ஊசியைப் போட்டோம். பிறகு கைப்பிடி. ஒரு துளை, இன்னொரு துளை. வண்டி முனகிற்று, நகரவில்லை. ஒன்பதாவதோ பத்தாவதோ அழுத்தில் சக்கரம் தண்ணீருக்கு மேலே வந்தது. அடியில் மதகின் உடைந்த கற்களையே அடுக்கி, மெல்ல இறக்கினோம். கால்மணி நேரத்துக்குள் மறுபடி சாலையில் இருந்தோம்.

மருத்துவமனை வாசலில் பெரியப்பாவை இறக்கும்போது, இடுப்புப் பட்டையில் எங்கள் கைகளும் அவர் முழங்காலில் தம்பியின் முழங்காலும் சொல்லாமலே அதனதன் இடத்துக்குப் போயின. அவர் எங்களைப் பார்த்துக் குழறலாக ஏதோ சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. "இப்பதான்டா... சரியா புடிச்சீங்க." ஜீப்பைச் சொன்னாரா தம்மைச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. குடிநீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இரண்டு நாள் போய்வந்தோம். பின்பக்க வலது தாங்கிக்கு ஒருமுறை வேலை வந்தது. எங்கள் வண்டிக்காக அல்ல. சேற்றில் சாய்ந்த ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டியை இழுக்க அதில்தான் கயிற்றைக் கட்டினோம்.

பெரியப்பா இப்போது கோலூன்றி வாசல்வரை நடக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஜாக்கியின் ஊசிகளை மண்ணெண்ணெயில் கழுவி மணலைப் போக்கி, லேசாக எண்ணெய் விடுகிறோம். தாங்கிகளில் படிந்த உப்பைத் துடைக்கிறோம். அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பார். ஒவ்வொன்றும் முடிந்ததும் வலக்கை விரலை மடக்கி எண்ணுவார். நான்கு எண்ணி முடிக்காமல் உள்ளே வரமாட்டார்.